கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்

எங்கள் பிரெஞ்சுக் காரை விற்கவேண்டி வந்ததற்குக் காரணம் புதுக் கட்டடத்தின் கார் நிறுத்தம்தான் என்று நான் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அபிராமபுரத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டித்தர ஒரு புரமோட்டரோடு பேசி முடித்திருந்தோம். வீடு எனக்கும் அண்ணனுக்கும் பொது. அண்ணன் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழே அவர் இருந்தார். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த நான், கணவர் தவறிய பிறகு மாடிக்குக் குடிவந்தேன். அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது, எனக்கும் அறுபதுக்கு மேல். இன்றைக்கும் அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

புரமோட்டரின் ஆள் பிளானை மேஜைமேல் விரித்து, தரைத்தளத்தில் எங்களுக்கென்று ஒதுக்கிய இடத்தைக் காட்டினான். அண்ணன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நீளம் மட்டும் கேட்டார். அவன் சொன்னான்.

"பத்தாது. மூக்கு வெளியில நிக்கும்," என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "வித்துடலாம் பாப்பா," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கார் இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே பிரான்சில் செய்தது. பாண்டிச்சேரியில் இருந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்பும்போது, மர வியாபாரியான அப்பா அதை வாங்கித் திண்டிவனம் வழியாக ஓட்டிக்கொண்டு வந்தார். கரும்பச்சை உடம்பு, கறுப்பு மட்கார்டு, தொப்பி வைத்த ஆள்கூடக் குனியாமல் ஏறும் அளவுக்கு உயரமான கூரை. பின்கதவு முன்னாலிருந்து பின்னால் திறக்கும். டிரைவர் சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் கனமான கண்ணாடித் தடுப்பு ஒன்று உண்டு. முன்னால் பேசுவது பின்னால் கேட்காது. பின்னாலிருப்பவர் ஏதாவது சொல்லவேண்டுமானால் பக்கத்தில் தொங்கும் ரப்பர் குழாயை எடுத்து அதில் பேசவேண்டும். அதன் மறுமுனை டிரைவரின் காதருகில் இருக்கும். சின்ன வயதில் அந்தக் குழாய்க்காக அண்ணனும் நானும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்பாவுக்குப் பிறகு அண்ணன்தான் அதை ஓட்டினார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், தெருவில் பால்காரர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் வெளியே எடுத்து, மயிலாப்பூர் குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். சில மாதமாக அதையும் நிறுத்தியிருந்தார். கேட்டதற்கு, "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கறான். பழைய இன்ஜினுக்கு ஆகாது," என்றார். நம்பினேன். பேப்பர் வாங்குவதை நிறுத்தியபோது, "எல்லாம் டி.வி.லயே சொல்லிடறான்," என்றார். அதையும் நம்பினேன். ஒருவரோடு ஒருவர் ஐம்பது அறுபது வருஷம் பழகிவிட்டால், சொல்வதைக் கேட்போமே தவிர முகத்தைப் பார்ப்பதில்லை.

விற்பனை விளம்பரத்தை என் போனில் என்னையே அடிக்கச் சொன்னார். அவர் வாயால் சொல்ல நான் அடித்தேன். படமும் போட்டோம். அன்று சாயங்காலத்திலிருந்து போன் ஓயவில்லை.

"மேடம், மைலேஜ் என்ன தரும்?"

"ஏ.சி. ஒர்க் ஆகுதா?"

"லோன் வசதி உண்டுங்களா?"

தி.நகரில் ஓட்டல் திறக்கப்போகும் ஒருவர் நேரிலேயே வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, முன்பாதி மட்டும் கிடைக்குமா என்று கேட்டார். சுவரில் பதித்துவைத்தால் சாப்பிட வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். அண்ணன் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். அடுத்து வந்தவர் பழைய கார்களைச் சேகரிப்பவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு சிறு காந்தம். அதைப் பெயின்ட்டின்மேல் அங்கங்கே வைத்துப் பார்த்து, அசல் தகரம்தான் என்று திருப்திப்பட்டார். குளிரூட்டிய கூடத்தில் வைத்துக்கொள்வேன், வெளியே எடுக்கவே மாட்டேன், ஒரு தூசி படியாது என்றார். அண்ணனுக்கு இவரைத்தான் பிடிக்கும் என்று நினைத்தேன். ஆனால் யோசித்துச் சொல்கிறேன் என்ற அண்ணன் அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

திருவல்லிக்கேணியிலிருந்து கணவனும் மனைவியும் வந்தது அதற்கு அடுத்த வாரம். கல்யாணங்களுக்கு வண்டி வாடகைக்கு விடுவது அவர்கள் குடும்பத் தொழில். அவருடைய அப்பா காலத்தில் குதிரை வண்டி, இப்போது அலங்காரக் கார்கள். பாய்க்கு ஐம்பத்தைந்து இருக்கலாம். நரைத்த தாடி, நிதானமான பேச்சு. மனைவி கறுப்பு புர்கா அணிந்திருந்தார், முகத்தை மூடவில்லை. பாய் இன்ஜின் பக்கம் போனார். மனைவி நேராகப் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார். இறங்கினார். கைப்பையிலிருந்து கனமான ஜரிகைத் துப்பட்டா ஒன்றை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மறுபடியும் ஏறினார்.

"என்ன பார்க்கறீங்க?" என்றேன்.

"இப்ப வர்ற கார்ல பொண்ணு குனிஞ்சு மடங்கி ஏறணும் அக்கா. தலைல பூ, நகை, மேல இத்தினி ஜரிகை. பாதி மேக்கப்பு கதவுலயே போயிடும். இறங்கச்சொல்ல காலு மொதல்ல வரும், மூஞ்சி அப்புறமா வரும். போட்டோக்காரன் கத்துவான்." துப்பட்டாவைச் சரிசெய்தபடி அலுங்காமல் இறங்கிக் காட்டினார். "இதுல பாருங்க, ராணி மாதிரி நின்ன வாக்குல இறங்கலாம்."

அந்தக் காரை அதுவரை யாரும் மணப்பெண் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "வாடகை வண்டியாவா?" என்று என்னிடம் முணுமுணுத்தார். பிறகு பாயிடம், "யார் ஓட்டுவாங்க?" என்று கேட்டார்.

"நான்தான் சார். வேற யார் கைலயும் குடுக்கமாட்டேன். இந்த மாதிரி கியர் நான் பார்த்ததில்ல, நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

"ஞாயித்துக்கிழமை காலைல வாங்க. ஒரு ரவுண்டு போலாம். முதல்ல நான் ஓட்டிக் காட்டறேன்," என்றார் அண்ணன். போகும்முன் இருவருக்கும் அவரே மோர் ஊற்றிக் கொடுத்தார்.

ஞாயிறன்று இருவரும் சொன்னபடி வந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து முன்பே தயாராக நின்றார். ஏறுவதற்கு முன் அவரும் பாயும் வண்டியின் முன்பக்கம் நின்று ஏதோ பேசினார்கள். நான் மாடியைப் பூட்டிவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்ததால் காதில் விழவில்லை. அண்ணன் ஸ்டியரிங் பிடிக்க, பாய் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். நானும் பாயின் மனைவியும் பின்னால். கண்ணாடித் தடுப்பு மூடியிருந்தது. இன்ஜின் ஒரு தரம் இருமிவிட்டுச் சீராக ஓடத் தொடங்கியது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்து நின்றார்.

பாயின் மனைவி தன் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். குதிரை வண்டிக் குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறவள் என்று அலங்கார வண்டி வந்ததாம். பாதி வழியில் மழை. குதிரை நகரமாட்டேன் என்று நின்றுவிட, மாப்பிள்ளை இறங்கி அதைக் கெஞ்சினாராம். "என்னைக்கூட அத்தினி கெஞ்சுனதில்ல அக்கா," என்றார். நான் சிரித்துக்கொண்டே முன்னால் பார்த்தேன்.

பாயின் இடதுகை டாஷ்போர்டின்மேல் இருந்தது. விரல்கள் மட்டும் அவ்வப்போது அசைந்தன. உள்ளங்கை மெல்லக் கீழே அமுங்கியது. வண்டியின் வேகம் குறைந்தது. வேகத்தடை வந்தது. மறுபடி ஆள்காட்டி விரல் வலப்பக்கம் சாய்ந்தது. வண்டி வலப்பக்கம் ஒதுங்கியது, குப்பைத்தொட்டி ஒன்று எங்களைக் கடந்தது. பாய்க்குப் பழக்கதோஷம் போல, உட்கார்ந்த இடத்திலிருந்தே தன்னையறியாமல் ஓட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மந்தைவெளிப் பக்கம் வந்தோம். மெட்ரோ வேலைக்காகச் சாலையில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஒரு மாதம் ஒரு பக்கம் அடைப்பார்கள், அடுத்த மாதம் மறுபக்கம். அண்ணனுக்கு அந்தச் சாலை பிறந்ததிலிருந்து தெரியும். வண்டி, முன்பு சாலை போன வழியிலேயே, நேராகத் தகரத்தை நோக்கிப் போனது. பாயின் கை சட்டென்று மேலே எழுந்து அந்தரத்தில் நின்றது. உதடுகள் அசைந்தன. அண்ணன் பிரேக்கை அழுத்தினார். வண்டி குலுங்காமல் நின்றது. பாயின் விரல் இடப்பக்கம் காட்டியது. வண்டி திரும்பியது.

அப்போதுதான் அண்ணனின் தலையைக் கவனித்தேன். நேராகச் சாலையைப் பார்க்கவில்லை அவர். கோழி ஒரு கண்ணால் தரையைப் பார்ப்பதுபோல முகத்தைச் சற்று ஒருபக்கம் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாயின் மனைவி பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். மெதுவாக என் கையைப் பிடித்தார்.

"சாருக்குப் பார்வை கம்மிதானே அக்கா?"

"எனக்குத் தெரியாது," என்றேன். "சத்தியமா எனக்குத் தெரியாது."

"அன்னிக்கு மோர் குடுக்கச்சொல்ல டம்ளரு வெளிம்ப வெரலால தடவிப் பார்த்துட்டு ஊத்துனாரு. எங்க வீட்டுக்காரரும் பார்த்தாரு. பயப்படாதீங்க. அவரு பக்கத்துல கீறாரு."

பேசும் குழாயைக் கையில் எடுத்தேன். அண்ணா, வண்டியை நிறுத்து என்று கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் வண்டி அதற்குள் அடையாறு பாலத்தில் ஏறிவிட்டது. பின்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோக்கள். திடீரென்று காதில் சத்தம் கேட்டு அவர் திடுக்கிட்டால் என்ன ஆகும்? குழாயைத் திரும்பக் கொக்கியில் மாட்டினேன். ஆற்றின் வாடை ஜன்னல் வழியாக வந்தது. பைக் ஒன்று எங்களை ஒட்டி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் போனை நீட்டிப் படம்பிடித்தபடி, "இன்னா வண்டி நைனா இது! கப்பலாட்டம் கீது!" என்று கூவினான். அண்ணன் சத்தம் வந்த பக்கம் திரும்பாமலே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம் கூட வரவில்லை.

பாலம் இறங்கியதும் இடப்பக்கம் திரும்பி, பழைய பெரிய தோட்டம் ஒன்றின் மதிலை ஒட்டி மர நிழலில் வண்டி நின்றது. இன்ஜினை அணைத்தார் அண்ணன். இறங்கி, மட்கார்டைக் கையால் தொட்டுக்கொண்டே நடந்து வந்து, பின்கதவைத் திறந்தார்.

"இனிமே பாய் ஓட்டுவாரு. நான் பாப்பாகூட உக்காந்துக்கறேன்."

பாயின் மனைவி ஒன்றும் கேட்காமல் இறங்கி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டி உடனே கிளம்பவில்லை. பாய் கியரை அப்படியும் இப்படியும் தள்ளிப் பழகிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் கண்ணாடிக்குப் பின்னால் தனியாக இருந்தோம்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து. நடுவுல ஒரு கறுப்பு. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. உன் முகத்தைப் பார்த்தா காது தெரியும், மூக்கு தெரியாது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"ஒருதடவை போனேன். கண்ணுக்குள்ள ஊசி போடணும்னாரு. வந்துட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சாவியை வாங்கி வச்சுக்குவே."

"ஆமா. வாங்கி வச்சிருப்பேன்."

"அதான்."

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். சிரித்தபிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. "வழியில ஒரு குழந்தை குறுக்க வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே? அவங்க ரெண்டு பேரையும் வண்டியில வச்சுக்கிட்டு..." என்று குரலை உயர்த்தினேன்.

"தப்புதான் பாப்பா," என்றார். "கிளம்பறப்ப பயந்து, வீட்டுலயே பாய்கிட்ட சாவியைக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன். அவரு கிட்ட வந்து, 'ரோட்டை நான் சொல்றேன் சார், வண்டிய நீங்க சொல்லுங்க'ன்னாரு. நான் எதுவும் சொல்லாமலே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் என்னால வேணாம்னு சொல்ல முடியல."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு வருஷத்தில் அந்தப் பின்சீட்டில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தது சிறுவயதில் மட்டும்தான். பாய் கிளட்சை விட்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளியது. "ரெண்டு தடவை மிதிக்கணும்!" என்று அண்ணன் கத்தினார். முன்னால் கேட்கவில்லை. குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வீடு வந்து சேரும்வரை அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தபிறகு, சமையலறை வாசலில் பாயைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன். "தெரிஞ்சே எப்படிங்க ஓட்ட விட்டீங்க?" என்றேன்.

அவர் மழுப்பவில்லை. "தப்புதான் மேடம். ஆனா ஹேண்ட் பிரேக்க என் வலதுகை விடவேயில்ல, நீங்க பின்னாலேர்ந்து பார்த்திருக்கமாட்டீங்க. சைக்கிள் வேகந்தான் போனோம். இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் வியாபாரி. இன்னிக்கு ஓட்டவிடலன்னா சார் எனக்கு வண்டிய குடுக்கமாட்டாரு. அதுவும் மனசுல இருந்திச்சு."

அதைக் கேட்டபிறகு அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. கருணையால் மட்டும் செய்தேன் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பேன்.

மறுநாளே அண்ணனைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். போனது திரும்பாது, ஆனால் இருப்பதைக் காப்பாற்றலாம், தொடர்ந்து ஊசி போடவேண்டும் என்றார் டாக்டர். முதல் ஊசிக்கு அண்ணன் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும், "இவ்வளவுதானா?" என்றார்.

கார் உடனே போய்விடவில்லை. அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார்: வண்டியின் குணம் கைக்கு வரும்வரை பாய் வந்து எங்கள் தெருவிலேயே பழகவேண்டும். ஞாயிறுதோறும் கணவனும் மனைவியும் வந்தார்கள். இப்போது அண்ணன் இடப்பக்கம் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். "இப்ப மாத்துங்க... அவசரப்படாதீங்க... ஆங், இப்ப." பாயின் மனைவி மாடியில் என்னோடு இருப்பார். எங்கள் வீட்டு வத்தக்குழம்பு அவருக்குப் பிடித்துப்போனது. பெருநாளைக்கு அவர் அனுப்பிய பிரியாணி வாளியைக் கழுவி, வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாதென்று முறுக்கு போட்டுக் கொடுத்தேன்.

வண்டியை எடுத்துப்போன நாளில் அண்ணன் கேட்டைத் திறந்துவிட்டார். பாய் ஹாரன் அடிக்கவில்லை, மெதுவாக வெளியே எடுத்தார். அண்ணன் அது தெரு திரும்பும் வரை நின்றார். அது திரும்பியதை அவர் பார்த்திருக்க முடியாது. சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார். "மூணாவதுக்கு மாத்திட்டாரு. நல்லா மாத்தினாரு," என்றார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் தானாகவே வந்து, தோசை இருக்கிறதா என்று கேட்டார்.

வீடு இடிபட்டு, நாங்கள் இப்போது மந்தைவெளியில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரே தளம், இரண்டு அறை. அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரிகிறது, நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்குக் கேட்கிறது. பாயின் மனைவி மாதம் ஒருமுறை போன் செய்து எந்தெந்தக் கல்யாணத்துக்கு வண்டி போயிற்று என்று சொல்வார். ராயப்பேட்டையில் ஒரு பெண் உள்ளே ஏறியதும் அழ ஆரம்பித்து மண்டபம் வரை விடாமல் அழுதாளாம். தடுப்பு இருந்ததால் முன்னால் யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடியில் அதைப் பார்த்த பாய், அவள் முகம் துடைத்து மறுபடி மை தீட்டிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று தெருவை இன்னொரு சுற்று சுற்றினாராம்.

போன வாரம் அண்ணனுக்கு அடுத்த ஊசி. ஆட்டோவில் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அண்ணன் முன்னால் சாய்ந்து, "தம்பி, கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கு," என்றார்.

"தெரியும் பெருசு. நாளைக்கு மாத்தணும்," என்றான் டிரைவர். கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்தான். "மெக்கானிக்கா நீங்கோ?"

"வண்டி வச்சிருந்தேன்."

"இன்னா வண்டி?"

அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வாசல் வந்து, நான் இறங்கிக் குடையை விரித்துப் பிடித்தபிறகும் அவர் பாண்டிச்சேரியிலேயே இருந்தார். டிரைவரும் இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். டோக்கன் வாங்க இன்னும் நேரம் இருந்தது. நான் குடையோடு அப்படியே நின்றேன்.